காலாங் ஆற்றோர நடைச் சுற்றுலா: போகலாம், ஆனால் மண்ணைப் பற்றிக் கேளுங்கள்

சிங்கப்பூரில் லாவெண்டர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தொடங்கி காலாங் ஆற்றோரப் பூங்காவில் முடியும் வழிகாட்டி நடை இது, காலை நேரத்தில் போனால் வெயில் தாங்கும். 1862இல் கட்டிய காலாங் எரிவாயு ஆலை நின்ற இடம்தான் முக்கியம். 1864இல் சிங்கப்பூரின் முதல் எரிவாயுத் தெருவிளக்குகளை எரித்ததும் இங்கிருந்து போன எரிவாயுதான், ஆலை மூடியது 1998இல். பழைய எரிவாயுக் கலனின் பாகங்களில் செய்த சிற்பம் பூங்காவில் நிற்கிறது, அதன் இரும்பைத் தொட்டுப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

வழிகாட்டி நன்றாகவே பேசினார். ஆனால் ஆலை நின்ற இடத்து மண் எப்படிக் கெட்டது என்று கேட்டால் ஒரு வரியில் முடித்துவிட்டார், எனக்கு அதுதான் வருத்தம். நிலக்கரியைச் சூடாக்கி வாயு எடுக்கும்போது தார் மிஞ்சும், அதில் பென்சீன் போன்ற நச்சுகள் இருக்கும், தரையில் கசிந்தால் பல பத்தாண்டுகளுக்கு அப்படியே கிடக்கும். அதனால்தான் ஆலை நின்ற இந்தக் கம்போங் பூகிஸில் சுமார் 4,000 வீடுகள் கட்டும் திட்டத்தில் மண்ணைச் சுத்தம் செய்வது முதல் வேலை.

அப்புறம், பக்கத்திலேயே கிராஃபர்ட் வட்டாரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தப் புதிய ஆற்றங்கரையில் உட்கார இடம் இருக்குமா என்று யாரும் பேசவில்லை. அதைப் பேசியே ஆக வேண்டும்.

தமிழிலும் ஒரு நடை வைத்தால் அம்மாவையும் கூட்டிப் போவேன். ஐந்துக்கு மூன்றரை.