காஸ் பிரெக்கரா, கொரியோலேனஸ் ஸ்னோவா?

மனசாட்சி கறுத்துப்போன நாயகர்கள் வரும் இளையோர் நாவல் எது என்று கேட்டால் எனக்கு உடனே தோன்றுபவை இரண்டு: லீ பார்டுகோவின் 'சிக்ஸ் ஆஃப் குரோஸ்' (2015), சூசன் காலின்ஸின் 'தி பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்' (2020).

முதல் நாவலின் நாயகன் காஸ் திருடன், ஒருவனின் கண்ணையே பிடுங்கி எறிபவன். ஆனால் அவன் கையுறையைக் கழற்றாத காரணம் தெரிந்ததும் நெஞ்சு இளகிவிடுகிறது. சிறுவயதில் அண்ணனின் பிணத்தைப் பற்றிக்கொண்டு நீந்தித்தான் கரை சேர்ந்தான். அதிலிருந்து யார் தோல் பட்டாலும் அவனால் தாங்க முடியாது. அந்தக் காயமே அவன் செய்வதற்கெல்லாம் மன்னிப்பு வாங்கித் தந்துவிடுகிறது. எனக்கு அதுதான் குறை.

இரண்டாவது நாவலின் நாயகன் ஸ்னோவுக்கு அப்படி மன்னிப்பு கிடையாது. கதை தொடங்கும்போதே முட்டைக்கோஸை வேகவைத்துக்கொண்டிருக்கிறான். வறுமையை மறைக்க, குளியலறை ஓட்டுச் சில்லுகளைப் பொத்தானாகத் தைத்த சட்டையோடு கிளம்புகிறான். பாவம், பதினெட்டு வயதுப் பையன் என்று நானும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: லூசி கிரே என்ற பாடகியை நேசிக்கும்போதும் அவள் தன் உடைமை என்ற நினைப்புதான் அவனுக்கு முந்தி வருகிறது. ஒவ்வொரு துரோகத்துக்கும் அவனிடம் நியாயமான ஒரு காரணம் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டே படித்துவந்த என்னை நினைத்துத்தான் பயந்தேன்.

விறுவிறுப்புக்கு காஸ்தான், சந்தேகமில்லை. ஸ்னோவின் கதை மூன்றாம் பாகத்தில் மெதுவாகிவிடுகிறது. ஆனாலும் நான் மறுபடி எடுத்துப் படிப்பது ஸ்னோவைத்தான்.