‘வெள்ளம் பார்க்காத வண்டி’க்கு அட்வான்ஸ் 1,85,000: மாதவரம் பக்கம் பழைய கார் பார்க்கிறவங்க படிங்க

1,85,000 ரூபாய். திருப்பித் தர முடியாதுன்னு நேத்து சாயங்காலம் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. சூட்டோட சூடா எழுதுறேன், கோர்வையா இருக்காது.

இடம், 200 அடி ரோட்டுல ஒரு பழைய கார் யார்டு. பேர் போடல. கண்ணாடி ஆபீஸ், வாசல்ல பாலிஷ் போட்ட பத்துப் பன்னெண்டு வண்டி, உட்கார்ந்ததும் டீ. வண்டி, இன்னோவா ஹைக்ராஸ் ஹைபிரிட், ஏழு சீட்டு, 2023 ஜூன் பதிவு, ஒரே ஓனர், கோயம்புத்தூர் நம்பர். மாடலைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து இழுக்குற வண்டி, பெரிய குடும்பம் மூணு வரிசையிலயும் ஏறிப் போகலாம். குத்தம் இந்த ஒரு வண்டியில. அதைவிட அதை வித்தவங்ககிட்ட.

சர்வீஸ் சென்டர்ல தூக்கிப் பார்த்துட்டுத்தான் காசுன்னு நான் முதல்லயே சொன்னதுதான். யார்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, டோக்கன் போடாம வண்டிய வெளிய வுட ஓனர் ஒத்துக்க மாட்டாரு. நாளைக்கு வேலூர் பார்ட்டி வேற வர்றாங்கோ. நீங்க போட்டு வைங்க. செக்கப்ல சின்ன குறை வந்தாலும் பத்து நிமிஷத்துல துட்டு உங்க அக்கவுண்ட்ல இருக்கும். கோயம்புத்தூர் வண்டிண்ணே, வெள்ளத்தையே பார்க்காதது.” சொல்லும்போது மேசைமேல இருந்த அம்மன் படத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். அங்கதான் நான் விழுந்தது. ஐஎம்பிஎஸ்ல 1,85,000 போச்சு, அதுவும் கம்பெனி கணக்குக்கு இல்ல, தனி ஆள் கணக்குக்கு. ரசீதோட பின்பக்கத்துல எறும்பு மாதிரி எழுத்துல ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ன்னு இருக்கு. பேட்டரியைப் பத்தி அத்தனை கேள்வி கேட்டும், அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்க்கத் தோணல.

மறுநாள் வண்டியைத் தூக்கினதும் வண்டவாளம் வெளிய வந்துடுச்சு.

ஹைபிரிட்ல வெள்ளம் ஏன் இவ்ளோ பெரிய விஷயம்னா, இதுல பெரிய பேட்டரி முன் சீட்டுக்கு அடியில, தரையோட தரையா உட்கார்ந்திருக்கு. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 200 வோல்ட்டுக்கு மேல. சாதாரண வண்டியில முழங்கால் அளவு தண்ணி புகுந்தா கார்பெட்டைக் காய வச்சு, வயரிங்கைப் பார்த்து, ஓரளவு ஒப்பேத்தலாம். இதுல அதே தண்ணி பேட்டரிப் பெட்டிக்குள்ள இறங்கும். செல்களை இணைக்கிற செம்புப் பட்டை பச்சை பூக்கும். ஈரத்தோட உப்பும் சேர்ந்தா கரண்ட் பாடிக்குக் கசிய ஆரம்பிக்கும். அதைக் கண்டுபிடிச்சதும் வண்டியோட கம்ப்யூட்டர் பி0ஏஏ6னு ஒரு பழுதுக் குறியீடு (கோட்) போடும், இன்சுலேஷன் பழுதுன்னு அர்த்தம். ஒருதடவை ஆஃப் பண்ணினா மறுபடி, வண்டி ஓடத் தயார்னு காட்டுற ‘ரெடி’ விளக்கு வராமலே போகலாம். காய வச்சு அந்தக் குறியீட்டை அழிச்சா கொஞ்ச நாள் ஓடும், காத்துல ஈரம் ஏறினதும் திரும்ப வரும்.

யார்டு செஞ்சதும் அதுதான். இந்தக் கோடெல்லாம் படிக்கிற ஸ்கேனரை மாட்டினா கோட் ஒண்ணும் இல்ல, சுத்தம். ஆனா ‘கோட் அழிச்சபின் ஓடிய தூரம்’னு ஒரு வரி இருக்கும். அதுல 11 கிலோமீட்டர். 38,000 ஓடின வண்டியில யார், எதுக்கு, முந்தாநாள் அழிச்சாங்க?

முன் சீட்டுத் தண்டவாளத்துல துரு. டிரைவர் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தா சேத்துக்கோடு. கார்பெட்டைத் தூக்கினா ஃபெல்ட்டுல கறுப்பா, பிசுபிசுன்னு ஒரு படலம், தார் வாடை. வடசென்னைக்காரனுக்கு அதை யாரும் விளக்க வேணாம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்தப்போ எர்ணாவூர்ல வீட்டுச் சுவர்ல எல்லாம் ஒட்டின அதே கோடு. நம்பர் கோயம்புத்தூர்தான், வண்டி நின்னது இங்க. சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர்லயும் அதே டிசம்பர்ல டோ பண்ணிக் கொண்டு வந்த ஜாப் கார்டு இருக்கு. 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் பேட்டரி வாரண்டின்னு யார்டுல அவ்ளோ அளந்தாங்களே, வெள்ளச் சேதத்துக்கு அது செல்லாது.

இன்சூரன்ஸ் காகிதமே முதல்நாள் காட்டிக் கொடுத்திருக்கணும். 2025 ஜூன் பாலிசியில என்சிபி, அதாவது கிளெய்ம் எடுக்காததுக்குக் கிடைக்கிற தள்ளுபடி, 20 சதவீதம். கிளெய்ம் இல்லாம ரெண்டு வருஷம் ஓடியிருந்தா 25 இருக்கணும். 20னா முதல் வருஷத்துல கிளெய்ம் எடுத்திருக்காங்கன்னு அர்த்தம். (என்சிபி காப்பு தனியா எடுத்திருந்தா இந்தக் கணக்கு ஏமாத்திடும்.)

இனி அலைக்கழிப்பு. முதல்நாள், “மேனேஜர் திருப்பதி போயிருக்காரு.” மூணாம்நாள், “அக்கவுண்ட்ஸ்ல போட்டாச்சு, மூணு வேலை நாள் ஆவும்.” ஆறாம்நாள் நேர்ல போனா, “கறைன்னா இன்னாண்ணே இப்போ? டீசல் சிந்தியிருக்கும்.” பெட்ரோல் வண்டியில எப்படிப்பா டீசல் சிந்தும்னு கேட்டதுக்கு எழுந்து உள்ள போயிட்டார். அப்புறம், வேற வண்டி எடுத்தா 1,85,000-ஐக் கழிச்சுக்கலாமாம். நேத்து கடைசியா ரசீதைத் திருப்பிப் போட்டு விரல் வச்சுக் காட்டினாங்க. இன்னைக்கு நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க.

விலாவாரியா எழுதத்தான் நினைச்சேன், இப்போ பொறுமை இல்ல. ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்குது, நீங்களே கொண்டு போங்க. இன்ஜின் சூடா இருந்தா அன்னிக்குத் திரும்பிடுங்க, மறுநாள் காலைல ஆறினப்புறம் வந்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. ஓட்டும்போது ஸ்கேனர்ல பேட்டரி பிளாக், அதாவது செல் தொகுப்பு, ஒவ்வொண்ணோட வோல்டேஜும் ஒண்ணா ஏறி இறங்கணும், ஒண்ணு மட்டும் தனியா விழுந்தா வேணாம். மூணாவது வரிசை ஏசியை அங்க உட்கார்ந்து பாருங்க. யார்டுக்கு ஆர்டிஓ கொடுத்த அங்கீகாரச் சான்று, ஃபார்ம் 29பி, இருக்கான்னு கேளுங்க. ‘திருப்பித் தருவோம்’ங்கிறதை ரசீதுலயே எழுதி வாங்குங்க, அம்மன் படம் சாட்சி சொல்ல வராது. நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் போட்டாச்சு, அடுத்து வடசென்னை நுகர்வோர் ஆணையம்.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தர் விளம்பரம் அனுப்பினார். அதே வண்டி, அதே கோயம்புத்தூர் நம்பர், விலை மட்டும் 50,000 குறைச்சு. கீழ பெரிய எழுத்துல, ‘வெள்ளம் பார்க்காதது, டோக்கன் போட்டு புக் பண்ணுங்க.’