கவலூரா, ஹான்லேயா: கண்ணாடி அளவை மட்டும் பார்க்காதீர்கள்

மதுரையில் தொலைநோக்கி என்று பேச்செடுத்தால் எல்லோரும் கொடைக்கானலைத்தான் சொல்வார்கள். 2343 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஆய்வகம் 1901-லிருந்து சூரியனைப் பார்த்துவருகிறது, இராத்திரி வானத்துக்கு அது ஆகாது. எம்.எஸ்சி. படிக்கும் என் அக்கா மகன் கேட்டது ஜவ்வாது மலைக் கவலூர் ஆய்வகத்தையும் லடாக்கின் ஹான்லே ஆய்வகத்தையும் பற்றி: "மாமா, ரெண்டுல எது பெருசு?"

பெரியது கவலூர். 1986-ல் திறந்த வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர், ஹான்லேயின் சந்திரா தொலைநோக்கிக்கு 2.01 தான். பரப்பைக் கணக்குப் பண்ணினால் கவலூர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் ஒளியைப் பிடிக்கும். சரி, அப்புறம் ஏன் மங்கலான பொருள் என்றால் ஹான்லேக்குப் போகிறார்கள்?

காற்றுதான் காரணம். சித்திரை வெயிலில் ரிங் ரோட்டில் எதிரே வரும் லாரி நெளிந்து தெரியுமே, நட்சத்திர ஒளியும் அப்படித்தான் நெளிந்து வருகிறது. கவலூர் 725 மீட்டர், ஹான்லே 4500. அந்த உயரத்தில் காற்றழுத்தமே கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 40% குறைவு. ஒரு பாகையை 3600 கூறு போட்டால் வருவது ஓர் ஆர்க் செகண்ட். ஹான்லேயில் நல்ல இரவில் நட்சத்திரம் அதற்குள் அடங்கிவிடும், கவலூரில் 2 வரை பரவும். அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு, அந்தப் பரப்பில் விழும் வானத்து வெளிச்சமும் நாலு மடங்கு, மங்கலான பொருள் அதில் மூழ்கிப் போகும். பெரிய கண்ணாடி கொடுத்ததைக் காற்று பிடுங்கிக்கொள்கிறது. ஹான்லேயில் ஈரப்பதமும் மிகக் குறைவு, அகச்சிவப்பு ஒளியை விழுங்குவது நீராவிதான் என்பதால் அந்த ஒளியில் வேலை என்றால் ஹான்லேதான், யோசிக்கவே வேண்டாம். அவ்வளவு உயரம் ஏறவும் தேவையில்லை, பெங்களூரு பக்கம் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாகவே இயக்குகிறார்கள்.

ஆனாலும் கவலூரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிப்ரவரியில் இரவு 9 மணி வாக்கில் மதுரை மொட்டைமாடியில் நின்று தெற்கே பாருங்கள், அகத்திய நட்சத்திரம் 27 பாகை உயரத்தில் ஜொலிக்கும். கவலூரில் அது 25 பாகை வரை ஏறும். ஹான்லேயில் அதிகபட்சமே 5 பாகைக்கும் குறைவு, மலை முகட்டை ஒட்டித் தவழ்வதை வைத்து என்ன அளக்க முடியும்? ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்துக்கும் இதே கதைதான், கவலூரில் 30 பாகை, அங்கே 10-ஐக்கூடத் தொடாது.

அதனால் அவனிடம், பொருளின் நடுவரை விலக்கம், அதாவது வான நடுக்கோட்டிலிருந்து அது எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னேன். தெற்கே 30 பாகையைத் தாண்டிவிட்டால் கவலூர்தான், அதுவும் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வரும் இரவுகளைக் கேட்க வேண்டும், ஐப்பசி கார்த்திகை இரவுகளைக் கேட்டால் மழைமேகம்தான் கிடைக்கும். வடக்கே இருக்கும் மங்கலான கேலக்ஸி என்றால் ஹான்லேக்கு எழுதிப் போடட்டும்.