ஐந்து ரோடு டொமைன் கடை: எஸ்.ஆர்.வி. ரெக்கார்டு போட்ட அனுபவம்

சேலம் லீ பஜாரில் எங்களுக்குக் காபி, மிளகு மண்டி. சரக்கில் பாதி, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் மாமனாரின் தோட்டத்திலிருந்து வருகிறது. இரண்டு இடத்துக்கும் சேர்த்து இன்டர்நெட் போன் வைத்திருக்கிறோம். மண்டியில் ஒரு சர்வர், தோட்டத்துப் பங்களாவில் ஒரு சர்வர். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்க வேண்டும். எந்த சர்வருக்கு முதலில் போவது, அதில் எந்த போர்ட் (வாசல் எண் மாதிரி) என்று போன்களுக்குச் சொல்வது, டொமைனில், அதாவது எங்கள் இன்டர்நெட் பெயரில், போடும் எஸ்.ஆர்.வி. ரெக்கார்டுதான்.

முதலில் வேறொருவர் போட்டுக் கொடுத்தார். மூன்று வாரம் மலையில் ஒரு போன்கூட ரிஜிஸ்டர் ஆகவில்லை, அதாவது சர்வரோடு சேரவில்லை. திடீர் மழை வந்தபோது, களத்தில் காயும் காபியை மூடச் சொல்ல மாமாவே 71 வயதில் பங்களாவிலிருந்து ஓடினார். அதைக் கேட்டபின் எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம்தான் இந்தக் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி லேப்டாப்பில் ஒரு கட்டளை அடித்தார். டார்கெட், அதாவது போய்ச் சேர வேண்டிய சர்வரின் பெயர் இருக்கும் இடத்தில் எங்கள் டொமைன் பெயர் இரண்டு தடவை ஒட்டிக்கொண்டு நின்றது. “அக்கா, ரெக்கார்டு போடுற இந்தப் பேனல் டொமைன் பெயரைத் தானாகவே பின்னால சேர்த்துக்கும். முழுப் பெயர் அடிச்சா கடைசியில ஒரு புள்ளி வைக்கணும். அதை விட்டுட்டாங்க” என்றார். ஒரு புள்ளிக்கா மூன்று வாரம்!

முன்னுரிமையும் தலைகீழாக இருந்தது. மண்டிக்கு 20, தோட்டத்துக்கு 10. வகுப்பில் ரேங்க் மாதிரி, சின்ன எண்தான் முதலில். அதை மாற்றினார். வெயிட் என்ற கட்டம், ஒரே முன்னுரிமையில் இரண்டு சர்வர் இருந்தால் அவற்றுக்குள் பங்கு பிரிக்க. எங்களுக்குத் தேவையில்லை என்று 0 வைத்தார். போர்ட் 5060. டார்கெட்டாகக் கொடுக்கும் பெயர், இன்னொரு பெயரைக் காட்டும் சி-நேம் (CNAME) ஆக இருக்கக் கூடாது, நேரடியாக ஐ.பி. முகவரியைக் காட்டும் ஏ ரெக்கார்டு வேண்டும் என்று அதையும் சரிபார்த்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய பொறுமை. ஒரு ரெக்கார்டை மற்ற இடங்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 86400 விநாடி, அதாவது ஒரு முழு நாள் இருந்தது. அதை 300 ஆகக் குறைத்துவிட்டு, “நாளைக்கு வாங்க, பழையது எல்லா இடத்திலும் காலாவதி ஆகட்டும்” என்று அனுப்பினார். மறுநாள் மாற்றி முடித்ததும் மண்டிக்கே வந்து சர்வர் கேபிளைக் கழற்றிவிட்டு, என் மொபைல் ஆப்பிலிருந்து களத்துக்குப் போடச் சொன்னார். முதல் தடவை போகவில்லை. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி போட்டதும், “யாரும்மா?” என்று மாமா குரல்.

குடோனில் இருக்கும் பழைய போன் செட்டுக்கு எஸ்.ஆர்.வி. தேடத் தெரியாது. அது மண்டி சர்வரோடு மட்டும்தான் பேசும், மாற்றினால்தான் வழி என்று முதலிலேயே சொல்லிவிட்டார். விற்கப் பார்க்கவில்லை.

கட்டணம் 1,800 ரூபாய். போட்ட ரெக்கார்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். வண்டி நிறுத்தத்தான் இடமே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு முன்னால் போனால் கொஞ்சம் தேவலை.