டைமர் லாக் டப்பா: காசு குடுத்து நம்மள நாமே பூட்டிக்கலாமா?

போனை உள்ள வச்சு மூடியில இருக்குற திருகைத் திருப்பி நேரம் செட் பண்ணி அமுக்கினா பூட்டிக்கும், நேரம் முடியிற வரைக்கும் நீங்க தலைகீழா நின்னாலும் தெறக்காது, அவ்ளோதான் இந்த டப்பா. நான் வாங்கினது கனமான பிளாஸ்டிக், டபுள் ஏ பேட்டரில ஓடுது, ஒரு நிமிஷத்துலேர்ந்து பத்து நாள் வரைக்கும் பூட்டலாம். செய்யுறது ஒரே வேலை, அத சுத்தமா செய்யுது.

பார்சல பிரிச்சதும் அம்மா கேட்டாங்க, "ஏன்டா, போன எடுக்காம உன்னால சும்மா இருக்க முடியாதா, இதுக்கு ஒரு டப்பாவா?" வாங்கின எடத்துல ரிவ்யூ போட்ட நெறைய பேரும் இதையேதான் எழுதியிருக்காங்க, மன உறுதி இல்லாதவனுக்குத்தான் இதெல்லாம்னு. எனக்கு அது நியாயமா படல, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

போன் பக்கம் கை போறப்ப நாம யோசிச்சு முடிவு பண்ணியா போகுது? கீழ தள்ளத் தள்ள முடியாம வந்துட்டே இருக்குற ஸ்க்ரோல 2006ல உருவாக்கினவர் ஏசா ரஸ்கின், அவரே பின்னாடி அதுக்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கார். அந்தப் பக்கம் அத்தன பேர் உக்காந்து நம்ம கண்ண எப்படிப் பிடிச்சு வைக்கிறதுன்னு வேல பாக்குறப்ப இந்தப் பக்கம் ஒத்த ஆளா மன உறுதிய மட்டும் வச்சு நின்னு ஜெயிக்கணும்னா எப்படி?

நாம முடிவு பண்ணித்தான் கை அசையுதாங்கிற இதே கேள்விய வச்சு 1983ல பெஞ்சமின் லிபெட்னு ஒரு அமெரிக்க மூளை ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை பண்ணாரு, தோணுறப்ப மணிக்கட்ட அசைங்க, எப்ப தோணுச்சுன்னு கடிகாரத்த பாத்து சொல்லுங்கன்னு. கை அசையுறதுக்கு சுமார் அரை செகண்ட் முன்னாடியே மூளையில மின் சிக்னல் கெளம்பிடுச்சு, ஆனா 'அசைக்கணும்'னு தோணினதா ஆளுங்க சொன்னது 0.2 செகண்ட் முன்னாடிதான். அப்ப நம்ம சுய விருப்பமே பொய்யான்னு பெரிய சண்டை, 2012ல ஷுர்கர்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு அந்த சிக்னல் முடிவே இல்ல, மூளையில சும்மா தானா ஏறி இறங்குற மின் அலையா இருக்கலாம்னு சொன்ன பிறகும் அது ஓயல. லிபெட்டே கூட, கெளம்பின செயல கடைசி நொடியில தடுக்கிற வாய்ப்பு நமக்கு இருக்குன்னுதான் சொன்னாரு. இந்த டப்பாவுல பட்டன அமுக்கினதும் 5, 4, 3ன்னு எண்ணும், அதுக்குள்ள வேணாம்னா நிறுத்திக்கலாம். அந்த 5 செகண்டுல போன் வேணும்ங்கிற ஆசையும் அந்த ஆசையே வேணாம்ங்கிற ஆசையும் மோதுறது அப்பட்டமா தெரியும். ஹேரி ஃப்ராங்ஃபர்ட்னு ஒரு அமெரிக்க தத்துவவாதி 1971ல எழுதினது இதத்தான், எந்த ஆசை நம்மள ஓட்டணும்னு நாம விரும்புறோமோ அதுவே நம்மள ஓட்டினா அதுதான் சுதந்திரம்னு. ராத்திரி ஒம்போது மணிக்குத் திருகைத் திருப்புற நானும் நான்தானே, பதினொரு மணிக்குக் கை நமநமக்குற ஆளுக்கு மட்டும் ஏன் ஓட்டுப் போடணும்?

ஒண்ணே ஒண்ணு, திருகைத் திருப்புற கை உங்களோடதா இருக்கணும். பத்தாவது படிக்கிற பையன் போன கேக்காம புடுங்கி உள்ள போடவோ, ஆபீஸ்ல வேல செய்யுறவங்க போன பூட்டி வைக்கவோ இத வாங்காதீங்க, அது வேற விஷயம், அதுக்கு இந்த ரிவ்யூ பொருந்தாது.

கொறைன்னா, பூட்டினப்புறம் அவசரத்துக்குத் தெறக்க வழியே இல்ல, உடைச்சாத்தான் உண்டு. வீட்டுல வயசானவங்க இருந்தா அவங்க கூப்புடுறதுக்கு ஒரு பட்டன் போன வெளிய வச்சுக்கோங்க. பேட்டரி தீரப்போகுதுன்னா டிஸ்ப்ளே மங்கலாகும், அப்பவே மாத்திடுங்க. வயர் போற ஓட்டை இருக்குற மாடலும் கெடைக்குது, உள்ளயே சார்ஜ் ஏறும், வாங்குறதுன்னா அத வாங்குங்க. அஞ்சுக்கு நாலரை ஸ்டார்.