உச்சவேகம்: கியர்க் கணக்கா, வலுக் கணக்கா?

ஹட்டனில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி இது: ஒரு கார் ஆகக்கூடியது எவ்வளவு வேகத்தில் ஓடும்? கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் வெவ்வேறு விடை தரும். பிள்ளைகளுக்குப் பெரிய விடைதான் பிடிக்கும்.

உதாரணத்துக்கு 800 சிசி சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6000 சுற்றில் 35 கிலோவாற்று வலு, உச்ச முறுக்குவிசை 69 நியூற்றன் மீற்றர், ஆட்களோடு 1000 கிலோ, டயர் 145/80 ஆர்12, கடைசிக் கியரின் மொத்த விகிதம் 4 (சக்கரம் ஒரு தடவை சுழல எஞ்சின் நான்கு தடவை சுழலும்).

கியர்க் கணக்கு மிக எளிது. 6000 சுற்றை 4 ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 1500 தடவை சுழலும். டயரின் சுற்றளவு 1.69 மீற்றர். பெருக்கினால் மணிக்கு 152 கிலோமீற்றர்.

ஆனால் இந்தக் கணக்குக்குக் காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாது. எஞ்சினுக்கு அந்தச் சுற்றை எட்ட வலு இருக்கிறதா என்றும் அது கேட்பதில்லை.

வலுக் கணக்கு அதைத்தான் முதலில் கேட்கிறது. சக்கரத்தை வந்தடையும் வலுவை 30 கிலோவாற்று என்று வைப்போம். டயரின் உருளல் தடை ஏறத்தாழ 128 நியூற்றன். வளித்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். இழுவைக் குணகம் (காரின் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.35, காற்றை எதிர்கொள்ளும் முன்பரப்பு 1.9 சதுர மீற்றர் என்று கொண்டால், கடல்மட்டச் சமதரையில் வலுவும் தடையும் 142 கிலோமீற்றரில் சமனாகின்றன. கியர்க் கணக்கு சொன்ன 152ஐத் தொட இன்னும் 6 கிலோவாற்று வேண்டும். பத்துக் கிலோமீற்றருக்காக வலுவில் ஐந்திலொரு பங்கு கூடுதல்! சமதரை வேகத்துக்கு நான் வலுக் கணக்கையே நம்புவேன்.

வேகமானியைப் பார்த்துச் சொல்வது மூன்றாவது வழி. அது உண்மை வேகத்தைவிடக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. வாகன விதி. அதனால் அதை ஒதுக்கிவிடுகிறேன்.

இப்போது அதே காரை 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுபோவோம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறிலொரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஏறத்தாழ அதே அளவு வலுவை இழக்கும். ஆனால் வளித்தடையும் அதே அளவு குறைகிறது. ஆகவே சமதரையில் உச்சவேகம் 142இலிருந்து 140க்கு மட்டுமே இறங்கும். இதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் மாறவில்லை.

ஏற்றம் வந்தால் கதை வேறு. காற்று மெலிந்தாலும் புவியீர்ப்பு மெலிவதில்லை. நூறு மீற்றருக்கு ஏழு மீற்றர் உயரும் பாதையில் கார் தன் எடையை இழுக்கவே 686 நியூற்றன் வேண்டும். உருளல் தடையோடு 814. அந்த உயரத்தில் கடைசிக் கியர் சக்கரத்தில் தரக்கூடிய உச்ச விசை ஏறத்தாழ 733 நியூற்றன்தான். அந்தக் கியரில் கார் எந்த வேகத்திலும் நிலையாக ஏறாது. கியர்க் கணக்கோ அங்கேயும் 152 என்றே சொல்லும். முழு வலுவையும் பயன்படுத்தக் கூடிய கியர் கிடைத்தாலும் எல்லை 88 கிலோமீற்றர்.

இறக்கத்தில்தான் எனக்குக் கவலை. நுவரெலியாவிலிருந்து இறங்கும் வழியிலுள்ள றம்பொடைப் பக்கம் பெற்றோல் மிச்சம் பிடிக்க, எந்தக் கியரிலும் போடாமல் நியூட்ரலில் இறங்கும் சாரதிகளைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. அதே ஏழு வீதச் சரிவு நேராக நீண்டுகொண்டே போனால், பிரேக் இல்லாமல் நியூட்ரலில் இந்தக் கார் 146 கிலோமீற்றரை நெருங்கும். எஞ்சினால் சமதரையில் எட்ட முடியாத வேகம் அது! வழியில் வரும் கொண்டையூசி வளைவுகளுக்கு இறங்குபவரிடம் மிஞ்சுவது சூடேறிய பிரேக் மட்டுமே.

ஏற்றத்தில் நான் ஒதுக்கிய கியர்க் கணக்கு இங்கேதான் உயிர் பெறுகிறது. இரண்டாம் கியரின் மொத்த விகிதம் 8 என்றால், நியூட்ரலுக்குப் பதிலாக அந்தக் கியரில் 40 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கும்போது எஞ்சின் 3160 சுற்றில் இருக்கும்: எல்லைக்கு வெகு கீழே, ஆனால் வண்டி வேகமெடுக்காமல் பிடித்து வைக்கும் அளவுக்கு வேகமாக. எரிபொருளைப் பீய்ச்சும் நவீன எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் பெற்றோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாதிருக்கச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும்.