வயலில் இறங்கும் காட்டு வாத்து: சுடுவதா, விரட்டுவதா, இடம் விடுவதா?

சிங்கப்பூரின் தேக்காவில், புறாக்களுக்குத் தீனி போடக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையின் காலடியிலேயே ஒரு பிடி அரிசி சிதறிக் கிடப்பதைக் காலை நேரங்களில் பார்த்திருக்கிறேன். 2020இல் கடுமையாக்கப்பட்ட நமது வனவிலங்குச் சட்டம், முதல்முறை பிடிபடுபவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கிறது. தீனியை நிறுத்தினால் கூட்டம் குறையும் என்பது அதன் கணக்கு. காட்டு வாத்துகளோடு மல்லுக்கட்டும் ஐரோப்பிய விவசாயிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அங்கே தீனியே அவருடைய பயிர்தான்.

பறவைப் பாதுகாப்பின் வெற்றியே சிக்கலாகவும் ஆகியிருக்கிறது. ஆர்க்டிக் தீவுக்கூட்டமான சுவால்பார்டிலிருந்து வந்து ஸ்காட்லாந்துக் கரையோரம் குளிர்காலத்தைக் கழிக்கும் பார்னக்கிள் வகை வாத்துகள் 1940களின் இறுதியில் சுமார் 300 மட்டுமே இருந்தன. பின்னர் 40,000ஐ எட்டின. புல்லிலிருந்து சத்தைச் சரியாக எடுக்க முடியாத இப்பறவை பகல் முழுவதும் மேய்ந்துகொண்டும் சில நிமிடங்களுக்கொருமுறை எச்சமிட்டுக்கொண்டும் இருப்பதால், மாடுகளுக்கென வளர்த்த இளம்புல் வசந்தத்தில் தரையோடு தரையாகிவிடுகிறது.

விரட்டுவது மலிவான வழி. எரிவாயு வெடிச் சத்தத்துக்கும் வயல் பொம்மைக்கும் வாத்துகள் விரைவில் பழகிவிடும். பழகாதவை பக்கத்து வயலில் இறங்கும், பறந்து செலவழித்த சக்தியை ஈடுகட்ட அங்கே கூடுதலாகவே மேயும்.

சுடுவது எண்ணிக்கையைக் குறைக்கும், ஆனால் வலசைப் பாதையிலுள்ள நாடுகள் ஒரே இலக்கை ஏற்றால்தான். இளஞ்சிவப்புக் கால் வாத்துக்கு 2012இல் அப்படி 60,000 என்ற இலக்கு வகுக்கப்பட்டு, நார்வேயும் டென்மார்க்கும் வேட்டையை அதற்கேற்ப நடத்தின. ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலோ, பார்னக்கிள் வாத்துகளை 25 முதல் 35 விழுக்காடு வரை குறைக்க 2014இல் வந்த திட்டம் பறவை ஆர்வலர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. (காகங்களைச் சுட்டுப் பார்த்த ஊர்க்காரர்களான நமக்கு இந்தச் சச்சரவு புதிதல்ல.)

நெதர்லாந்து, குளிர்காலத்தில் வந்து குவியும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாத்துகளுக்கு மேய்ச்சல் பகுதிகளை ஒதுக்கி, இழப்பீடும் தருகிறது. பகை தணிகிறது, பறவைகள் குறைவதில்லை, ஆகவே செலவும் நிற்பதில்லை.

ஆயினும் என் வாக்கு இந்த மூன்றாம் வழிக்குத்தான், ஒரு நிபந்தனையோடு: ஒதுக்கிய வயலில் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, சுற்றியுள்ள வயல்களில் விரட்டலை விடக் கூடாது. போக அமைதியான இடம் ஒன்று இருந்தால்தான் விரட்டப்பட்ட வாத்து அங்கே போய்த் தங்கும்.